பி வைரஸ் இருக்கும் அம்மா பிள்ளையைக் கொஞ்சலாமா? பர்மாவில் உள்ள நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூன், பெகு, மோல்மேன் பக்கத்து நம் குடும்பங்களில் பலருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் பெயர் முதலில் காதில் விழுவதே கர்ப்பகால ரத்தப் பரிசோதனையில்தான். சயாமா (நர்ஸம்மா) சீட்டைப் பார்த்து "பி போ இருக்கு", அதாவது பி வைரஸ் இருக்கிறது என்பார். பர்மிய மொழியில் வேகமாக நாலு வார்த்தை சொல்வார். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே தட்டு, தம்ளர், துண்டு எல்லாம் தனியாகிவிடும். பிறந்த பிறகோ, பெற்றவளே அதன் கன்னத்தில் உதடு வைக்கப் பயப்படுவாள்.

தமிழ்ப் பெண்களோடு ஆஸ்பத்திரிக்குத் துணையாகவும் மொழிபெயர்க்கவும் போய்வருகிறவள் நான். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, ஊசி விஷயத்தில் உங்களைப் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

எனக்கு பி வைரஸ் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு முத்தம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கன்னத்தில், நெற்றியில், உள்ளங்காலில், எங்கே வேண்டுமானாலும் கொடுங்கள். மார்போடு அணைத்துத் தூங்க வைக்கலாம், ஒரே கொசுவலைக்குள் படுக்கலாம், குளிப்பாட்டலாம், அதன் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிவிடலாம். தொடுவதாலோ இருமுவதாலோ தும்முவதாலோ ஹெபடைடிஸ் பி பரவாது. வியர்வையிலும் கண்ணீரிலும் பரவாது.

நம்மவர்களும் சரி, பர்மாக்காரர்களும் சரி, பிள்ளையைக் கொஞ்சும்போது பெரும்பாலும் கன்னத்தில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பதுதான் வழக்கம். அதற்கு யாரும் அனுமதி கேட்கவே வேண்டாம்.

எச்சிலில் வைரஸ் இருப்பதாகச் சொல்கிறார்களே?

இருக்கும். ரத்தத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. முத்தத்தின் வழியாக இந்த நோய் பரவியதாக ஆதாரம் இல்லை, எச்சில் பட்ட கரண்டி, தம்ளர் வழியாகவும் இல்லை. ரத்தம் கலந்த எச்சில்தான் யோசிக்க வேண்டியது. பல் பிடுங்கிய அன்று, உதடு வெடித்து ரத்தம் கசியும்போது, ஈறில் ரத்தம் வரும்போது பிள்ளையின் வாய்ப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். அந்த நாளில் தலையில் முத்தம் கொடுங்கள், அப்புறம் பழையபடி கொஞ்சுங்கள்.

நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. எனக்கு எப்படி வந்தது?

தப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த வைரஸ் எந்த வயதில் உடம்புக்குள் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது தங்குமா, போகுமா என்பது அமைகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது உடம்பே எதிர்த்து விரட்டிவிடும். பிறக்கும்போதோ முதல் வயதுக்குள்ளோ தொற்றினால் கதை தலைகீழ்: நூற்றில் 90 குழந்தைகளுக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். ஆக, இன்று உங்கள் ரத்தத்தில் அது இருக்கிறதென்றால், நீங்கள் பிறந்தபோதோ கைக்குழந்தையாக இருந்தபோதோ வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மியான்மாவின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி ஊசி சேர்ந்ததே 2003-இல்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. 2015-இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் நூற்றுக்கு ஆறு, ஏழு பேரிடம் பி வைரஸ் இருந்தது. ஒரு பெரிய கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துப் பாருங்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று. பெரும்பாலோருக்கு அது தெரியாது, ஏனென்றால் எந்தத் தொந்தரவும் தராமல் வருஷக்கணக்கில் இருக்கும்.

முத்தத்தில் போகாதென்றால் அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகிறது?

பிரசவத்தில். பிள்ளை வெளியே வரும்போது அம்மாவின் ரத்தமும் நீரும் அதன் மேல் படுகிறது, அப்போதுதான். கருப்பைக்குள்ளேயே தொற்றுவது அபூர்வம். எந்தத் தடுப்பும் செய்யாவிட்டால், வைரஸ் வீரியமாகப் பெருகிக்கொண்டிருக்கும் அம்மாவிடமிருந்து நூற்றில் 70 முதல் 90 குழந்தைகளுக்குப் போகும். 'இ ஆன்டிஜென்' என்ற பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தால் வீரியம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். அது நெகட்டிவ் என்றால் ஆபத்து நூற்றில் 10 முதல் 40 வரை.

இதற்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. சுகப்பிரசவமே போதும்.

பிறந்தவுடன் போட வேண்டிய ஊசி எது? எவ்வளவு நேரத்துக்குள்?

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் பிறந்தநாள் தவணை. பிறந்து 24 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

பிரசவத்தில் பிள்ளையின் உடம்புக்குள் போன வைரஸ் கல்லீரலில் வேரூன்றக் கொஞ்சக் காலம் ஆகும். அதற்குள் தடுப்பூசி எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டால் வைரஸ் தங்க முடியாது. அதனால்தான் மணிக்கணக்குப் பார்க்கிறார்கள். இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரஸின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தை மட்டும் ஈஸ்ட் செல்களில் வளர்த்து எடுக்கிறார்கள். "ஊசியிலிருந்தே நோய் வந்துவிடுமோ" என்ற பயத்துக்கு இடமே இல்லை. தொடையில் போடுவார்கள். போட்ட இடம் கொஞ்சம் சிவக்கலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம்.

நம் வீடுகளில் தடை வருவது பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்துதான். "பச்சை மண்ணுக்கு இன்றே ஊசியா, ஒரு வாரம் போகட்டும்" என்பார்கள். ராகு காலம் போகட்டும் என்று சொன்னவரையும் பார்த்திருக்கிறேன். ராகு காலம் ஒன்றரை மணி நேரம், அது போகட்டும், பரவாயில்லை. ஒரு வாரம் போகக் கூடாது.

வீட்டில் பிரசவம் என்றால் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். ஏழாம் மாதத்திலேயே உங்கள் பகுதி சயாமாவிடம் கேளுங்கள்: பிறந்தநாள் தவணை இருக்கிறதா, இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும், இரவில் பிள்ளை பிறந்தால் யாரைக் கூப்பிடுவது? இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், ஆனால் உறைந்துபோகக் கூடாது. ஐஸ்கட்டி மேலேயே வைத்து உறைந்துபோன மருந்து பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படாது. ஊசி போடும் முன் பிள்ளையின் தொடையில் ஒட்டியிருக்கும் ரத்தத்தைத் துடைத்துவிட வேண்டும் என்பதையும் ஞாபகப்படுத்துங்கள்.

24 மணி நேரம் தாண்டிவிட்டதா? அதற்காக விட்டுவிடாதீர்கள். தாமதமாகப் போட்டாலும் பலன் உண்டு, பலன் குறையும் அவ்வளவுதான்.

பிறந்தநாள் தவணையோடு வேலை முடியாது. 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்திருக்கிறது. மியான்மாவில் அது 2012 முதல் கிடைக்கிறது. அந்த மூன்றையும் தவறவிடக் கூடாது. இரண்டு கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்த பிள்ளைக்கும் பிறந்தநாள் தவணை உண்டு. ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காமல் பிறகு மூன்றும் முழுசாகப் போடுவார்கள்.

இம்யூனோகுளோபுலின் என்று இன்னொரு ஊசியும் சொல்கிறார்கள். விலை அதிகமாக இருக்கிறது, எங்கள் ஊரில் கிடைக்கவும் இல்லை.

அது தயாராகச் செய்து வைத்த எதிர்ப்புப் பொருள். பிறந்து 12 மணி நேரத்துக்குள், தடுப்பூசியோடு சேர்த்து மற்றத் தொடையில் போடுவார்கள். கிடைத்தால் நல்லது. முக்கியமாக இ ஆன்டிஜென் பாசிட்டிவ் உள்ள அம்மாவின் பிள்ளைக்குக் கூடுதல் பாதுகாப்பு. கிடைக்கவில்லை என்றால் கடன் வாங்கி அலைந்து அதைத் தேடிக்கொண்டிருக்கும்போது தடுப்பூசியின் நேரம் போய்விடக் கூடாது. முதலில் தடுப்பூசி.

கர்ப்பத்திலேயே மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கெடுதல் இல்லையா?

டெனோஃபோவிர் என்ற மாத்திரையைத்தான் சொல்லியிருப்பார்கள். அம்மாவின் ரத்தத்தில் வைரஸ் அளவு மிக அதிகமாக இருந்தால் தடுப்பூசி போட்டும் சில குழந்தைகளுக்குத் தொற்றிவிடுகிறது. அந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் மாத்திரை. வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 2,00,000 அலகு அல்லது அதற்கு மேல் என்றால் 28-ஆம் வாரத்திலிருந்து பிரசவம் வரையாவது சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. வைரஸ் அளவு பார்க்க வசதி இல்லாத ஊர்களில் இ ஆன்டிஜென் பார்த்து முடிவெடுக்கலாம். அதற்கும் வசதி இல்லாத இடங்களில், பி வைரஸ் இருக்கும் கர்ப்பிணிகள் எல்லோருக்குமே கொடுக்கலாம் என்று 2024-இல் வழிகாட்டுதலை இன்னும் தளர்த்தினார்கள்.

எச்ஐவி உள்ள கர்ப்பிணிகளுக்கும் பல வருஷங்களாகக் கொடுத்துவரும் மருந்து இது. நம் பெண்களிடம் இதுவே ஒரு சிக்கலாகிவிடுகிறது. மருந்துக்கடையில் "எச்ஐவி மாத்திரையா?" என்று யாராவது கேட்டுவிட்டால் அன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரே மருந்து இரண்டு நோய்க்கும் வேலை செய்கிறது, அதற்கு மேல் அதில் அர்த்தம் எதுவும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகும் டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்த வேண்டாம், திடீரென நிறுத்தினால் கல்லீரல் வீங்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். தடுப்பூசிகள் எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, சீம்பாலிலிருந்தே ஆரம்பிக்கலாம். டெனோஃபோவிர் சாப்பிட்டுக்கொண்டும் கொடுக்கலாம். மாவுப்பால் டப்பாவுக்குப் பணம் செலவழித்து, கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரவழைத்துக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து.

காம்பு வெடித்து ரத்தம் வந்தால் அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு, ஆறும் வரை மறுபக்கம் கொடுக்கலாம். வெடிப்பு பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுவதால் வருகிறது. கருவட்டமும் சேர்ந்து வாய்க்குள் போகும்படி பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள், சீக்கிரம் ஆறிவிடும்.

என் மாமியார் எனக்குத் தனித் தட்டு வைத்துவிட்டார். பிள்ளையைக் குளிப்பாட்டக்கூட விடுவதில்லை. அவரிடம் என்ன சொல்வது?

முதலில், அத்தை வேண்டுமென்று செய்வதாக நினைக்காதீர்கள். மஞ்சள் காமாலை வந்தவருக்குத் தனித் தட்டு, தனித் தண்ணீர் என்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். அது முட்டாள்தனமான வழக்கமும் அல்ல. காமாலையை உண்டாக்கும் வைரஸ்களில் ஏ, இ என்ற இரண்டும் மலம் கலந்த தண்ணீர், சாப்பாடு வழியாகப் பரவுபவை. வெள்ளம் வந்து கிணறு கலங்கினால் ஒரு தெருவே மஞ்சளாகிப் படுத்துவிடும். அந்த நோய்க்கு அந்தக் கவனம் சரியானது, கை கழுவுவது, தண்ணீர் கொதிக்க வைப்பது, பாத்திரத்தைப் பிரிப்பது எல்லாமே.

உங்களுக்கு இருப்பது வேறு ஆள். கண் மஞ்சளாகக்கூட இல்லை, பாருங்கள். இது தண்ணீரில் வராது, சோற்றில் வராது. ரத்தத்தில் வரும், உடலுறவில் வரும், பிரசவத்தில் வரும். அத்தையிடம் இதைச் சண்டையில்லாத நேரத்தில், முடிந்தால் உங்கள் வீட்டுக்காரரோ சயாமாவோ பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது வெள்ளைச் சட்டை போட்டவர் சொன்னால் ஏறும். நான் ஆஸ்பத்திரிக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்வது இதனால்தான்.

அவருடைய எச்சரிக்கை உணர்வை வீணாக்கவும் வேண்டாம். தட்டைப் பிரித்தது போதும், பல் துலக்கும் பிரஷ், சவர பிளேடு, நகவெட்டி, தோடு இவற்றைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். அவற்றில்தான் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருக்கும்.

வைரஸ் இருப்பது என் வீட்டுக்காரருக்கு. எனக்கு இல்லை. அவர் பிள்ளையைத் தூக்கவே மாட்டேன் என்கிறார்.

தூக்கச் சொல்லுங்கள். அப்பாவின் கையில் தூங்குவதால் எந்தப் பிள்ளைக்கும் பி வைரஸ் வருவதில்லை. உங்களுக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள், கர்ப்பமாக இருந்தாலும் போடலாம். பிள்ளைக்குப் பிறந்தநாள் தவணையும் மற்ற மூன்றும் போட்டாகிவிட்டால் வீட்டுக்குள் அது பாதுகாப்பாக இருக்கிறது.

அப்பாயி சோற்றை வாயில் மென்று ஊட்டுகிறார். தடுத்தால் கோபித்துக்கொள்கிறார்.

இதைத் தடுக்கத்தான் வேண்டும், பாசத்துக்குக் குறை வராமல். அப்பாயி குன்யா போடுகிறவர் என்றால் இன்னும் கவனம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்த்து வருஷக்கணக்காக மென்ற வாயில் ஈறு கரைந்திருக்கும், உள்கன்னம் புண்ணாக இருக்கும், துப்பும் சிவப்பில் எது வெற்றிலை, எது ரத்தம் என்று அவருக்கே தெரியாது. அந்த வாயில் மென்ற சோறு பல் முளைக்கும் பிள்ளையின் புண்பட்ட ஈறுக்குப் போகிறது. மென்று ஊட்டியதால் எச்ஐவி தொற்றிய குழந்தைகள் பற்றி மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. பி வைரஸ் அதைவிட எளிதாகத் தொற்றக்கூடியது. புகையிலை சேர்த்த குன்யா என்றால் அதன் சாறும் சேர்ந்து போகும்.

கிண்ணமும் கரண்டியும் அப்பாயி கையிலேயே கொடுத்து, "நீங்களே மசித்துக் கொடுங்கள் அப்பாயி, உங்கள் கையால் சாப்பிட்டால்தான் அவனுக்கு இறங்குகிறது" என்று சொல்லிப் பாருங்கள்.

மொட்டை, காதுகுத்து?

நான் பெரிதாகக் கவலைப்படுவது இதற்குத்தான். ஆனால் என்னிடம் யாரும் தானாகக் கேட்பதில்லை. முத்தத்தைப் பற்றிப் பத்துப் பேர் கேட்டால் கத்தியைப் பற்றி ஒருவர் கேட்கிறார்.

திருவிழா நாளில் கோயில் பக்கம் மொட்டை போடும் இடத்தில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். வரிசையில் பிள்ளைகள். நாவிதர் முன்னால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், அதில் முதல் பிள்ளைக்கு நனைத்த அதே தண்ணீர்தான் எட்டாவது பிள்ளைக்கும். பிள்ளை அழுது தலையை ஆட்டும்போது உச்சியில் மெல்லியதாக ஒரு கீறல் விழும். விரலால் துடைத்து, கத்தியைத் துணியில் ஒரு இழு இழுத்து, சந்தனத்தைப் பூசி "ஒன்றுமில்லை தாயி" என்பார். அடுத்த பிள்ளை உட்காரும். பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்திலும்கூட ஏழு நாளாவது உயிரோடு இருந்து தொற்றக்கூடியது. எச்ஐவி அப்படி இருக்காது. அந்தக் கத்திக்கு உங்கள் முத்தத்தைவிட எத்தனையோ மடங்கு ஆபத்து அதிகம்.

செய்ய வேண்டியது கஷ்டமானது அல்ல. புது பிளேடு ஒரு பாக்கெட் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போங்கள், பிளேடு மாற்றும் கத்தி வைத்திருக்கும் நாவிதரிடம் உட்காருங்கள், உங்கள் கண் முன்னால் உறை பிரித்து மாட்டச் சொல்லுங்கள். தண்ணீரும் தனி டம்ளரில். நேர்த்திக்கடனுக்கு ஒரு குறையும் வராது. தடுப்பூசி நாலும் முடிந்த பிறகு மொட்டை வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

காதுகுத்தும் அப்படித்தான். மாமன் மடியில் உட்கார வைத்து, பத்தர் குத்துகிற கம்பி புதிதாக, அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும். அக்காள் தங்கை பிள்ளைகள் நாலு பேருக்கு ஒரே நாளில் செலவு மிச்சம் என்று குத்தினால் நாலு கம்பி. நெருப்பில் காட்டினேன், மஞ்சள் தடவினேன் என்பதெல்லாம் போதாது. பர்மியத் தோழிகளின் வீட்டில் காதுகுத்துக்கு உங்கள் பெண்ணையும் சேர்த்து உட்கார வைப்பதாகச் சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். பச்சை குத்துவது, தெருவோரப் பல் வைத்தியம், ஒரே ஊசியில் பலருக்குச் சத்து மருந்து போடுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கொசு கடித்தால் பரவுமா?

பரவாது. கொசுவலை டெங்குக்கும் மலேரியாவுக்கும்.

பிள்ளை என்னைக் கடித்துவிட்டது. அல்லது நான் நகம் வெட்டும்போது எனக்கு ரத்தம் வந்து அதன் மேல் பட்டுவிட்டது.

பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். தோலில் காயம் இல்லையென்றால் அவ்வளவுதான். காயம் இருந்து, பிள்ளைக்குத் தடுப்பூசி பாக்கி இருந்தால் அன்றே சுகாதார மையத்துக்குப் போங்கள். தரையில் ரத்தம் சிந்தினால் முதலில் துணியால் ஒற்றி எடுத்து, ஒரு பங்கு பிளீச்சில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் விட்டுத் துடைக்க வேண்டும்.

கீழாநெல்லி கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

கீழாநெல்லியை ஆராய்ச்சியாளர்கள் ஒதுக்கவில்லை. 1988-இல் சென்னையில் பி வைரஸ் உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வைரஸ் மறைந்ததாக 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே அதை நம்பி டெனோஃபோவிரையோ தடுப்பூசியையோ விட்டுவிட முடியாது. கைக்குழந்தைக்கு எந்தப் பச்சிலைச் சாறும் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான்.

அப்படியென்றால் முத்தத்தில் எந்த வைரஸும் போகாதா?

போகும், பி வைரஸ்தான் போகாது. இங்கேதான் நம்மவர்கள் தப்பான ஆளைத் தள்ளி வைத்து, தப்பான ஆளை உள்ளே விடுகிறார்கள். ஹெபடைடிஸ் பி உள்ள அம்மாவை ஒதுக்கிவிட்டு, மூக்கு ஒழுகிக்கொண்டு வரும் பெரியப்பாவிடம் பிள்ளையைக் கொடுப்பார்கள்.

ரொம்பக் கவனிக்க வேண்டியது உதட்டோரத்தில் கொத்தாக வரும் நீர்க்கொப்புளம். காய்ச்சலுக்குப் பிறகோ வெயிலில் அலைந்த பிறகோ வரும், முதல் நாள் சுருசுருவென்று இருக்கும், பிறகு உடைந்து பொருக்குத் தட்டும். அது ஹெர்பீஸ் வைரஸ். பெரியவர்களுக்கு அற்பத் தொல்லை. பிறந்து முதல் சில வாரங்களில் இருக்கும் பிள்ளைக்கு அது மூளைக்கும் கல்லீரலுக்கும் போய் உயிரையே எடுக்கக்கூடியது. உதட்டில் அது இருக்கும் யாரும், பெற்றவளே ஆனாலும், பொருக்கு முழுசாக உதிர்ந்து தோல் ஆறும் வரை பிள்ளைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. கொப்புளத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் பிள்ளையைத் தொடக் கூடாது. பால் கொடுக்கலாம், மார்பில் கொப்புளம் இல்லாதவரை. உதட்டை மறைக்க முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்களும் இரண்டு மூன்று மாதம் வரை பிள்ளையின் முகத்துக்கு அருகில் வர வேண்டாம். பெரியவர்களுக்குச் சாதாரணச் சளியாக வரும் ஆர்எஸ்வி என்ற வைரஸ் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழலை அடைத்துவிடும். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸில் வந்த கையோடு கன்னத்தைக் கிள்ளுவதற்கு முன் கை கழுவட்டும். வாசலில் ஒரு சொம்பு தண்ணீரும் சோப்பும் வைத்துவிட்டால் யாரிடமும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, மூச்சு வாங்குவது, தோலில் நீர்க்கொப்புளம், வலிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பிள்ளைக்குத் தொற்றவில்லை என்று எப்போது உறுதியாகத் தெரியும்?

கடைசித் தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து, 9 மாதத்துக்கு முன்னால் இல்லாமல், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். 9 முதல் 12 மாதத்துக்குள் சரியான நேரம். அதற்கு முன்பே அவசரப்பட்டுப் பார்த்தால் தடுப்பூசியாலோ இம்யூனோகுளோபுலினாலோ குழப்பமான முடிவு வரலாம். அம்மாவிடமிருந்து வந்த சில எதிர்ப்பொருள்கள் வெறுமனே ரத்தத்தில் தங்கியிருப்பதும் உண்டு, அதைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு பரிசோதனை கேளுங்கள். ஒன்று வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. இன்னொன்று தடுப்பூசி பிடித்ததா என்று பார்ப்பது, அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் பாதுகாப்பு உண்டு. வைரஸும் இல்லை, எண்ணும் 10-க்குக் கீழே என்றால் மறுபடி ஊசி போடுவார்கள்.

பிள்ளைக்கும் பாசிட்டிவ் என்று வந்துவிட்டால்?

எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு அப்படி வருவதுண்டு. உங்கள் முத்தத்தால் வந்ததல்ல, பாலால் வந்ததல்ல. இந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும், ஓடும், பள்ளிக்கூடம் போகும். பெரும்பாலும் சின்ன வயதில் மருந்தே தேவைப்படாது. ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை டாக்டரிடம் காட்டி ரத்தம் பார்த்துவர வேண்டும். பள்ளியில் யாருடைய தட்டையும் பிரிக்க வேண்டியதில்லை.

அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். பிரசவம் பார்ப்பவர், பல் டாக்டர், உங்கள் உடம்பில் ஊசியோ கத்தியோ வைக்கப் போகிறவர், வீட்டுக்காரர் இவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

வேறு யாருக்கெல்லாம் ரத்தம் பார்க்க வேண்டும்?

வீட்டுக்காரர், மூத்த பிள்ளைகள், அப்புறம் உங்கள் அம்மா, உங்கள் கூடப்பிறந்தவர்கள். உங்களுக்குப் பிரசவத்தில் வந்ததென்றால் உங்கள் தம்பிக்கும் அக்காவுக்கும் வந்திருக்கலாம். இல்லாதவர்களுக்கு மூன்று தவணை தடுப்பூசி, பெரியவர்களுக்கும் அது உண்டு. இருக்கிறவர்களுக்கு வைத்தியம் இருக்கிறது. காலாகாலத்தில் கவனித்தால் கல்லீரல் சுருங்குவதையும் புற்றுநோய் வருவதையும் பெருமளவு தடுக்கலாம்.

உங்களுக்கும் அதேதான். பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் பெண்கள் தங்களுடைய சீட்டைத் தொலைத்துவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கல்லீரல் ரத்தப் பரிசோதனை, டாக்டர் சொன்னால் ஸ்கேன். இரண்டு அட்டையையும் ஒரே பையில் போட்டு வையுங்கள், பிள்ளைக்கு ஊசி போடப் போகும் நாளிலேயே உங்களையும் காட்டிவிட்டு வரலாம்.